வைரேஹு ஏரிக்கு இரண்டு கோடுகள்

4 மார்ச் 1996

அன்புள்ள ரிப்பேக்கா அக்கா,

போனில்தான் பேச நினைத்தேன். எப்போது போட்டாலும் டூகல்தான் எடுக்கிறார். “கவுன்சிலா? வீட்ல யாரும் இல்ல” என்று சொல்லி வைத்துவிடுகிறார். உங்கள் கல்யாணத்தில் எனக்கு நடனம் சொல்லித் தருகிறேன் என்று என் காலை மிதித்து நகத்தைப் பெயர்த்த மனிதர் அவர். என் குரல் அவருக்குத் தெரியாதா என்ன?

வட்டாரக் கவுன்சிலுக்காக நான் எழுதி அனுப்பிய ஏரித் திட்ட வரைவை அடுப்பில் போட்டுவிட்டீர்கள் என்று ராவிரி மாமா சொன்னார். தடித்த புத்தகம்தான், எழுதிய எனக்கே தூக்கம் வந்தது. அதனால் விஷயத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இத்தனை காலமாக சரளைமேடு அடைத்துக்கிடக்கும் நம் ஏரியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுகிறார்கள்? ஏரிக்கரை விவசாயிகள் பூட்ஸுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று கவுன்சிலுக்குப் போன் செய்யும்போது. அப்போது ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருக்கும். அதற்கு வேகம் கிடையாது. பொக்லைன் வெட்டிய வாய்க்காலை ஒரே வாரத்தில் கடல் சரளைக்கல்லைக் கொண்டுவந்து கொட்டி மூடிவிடும். ஏப்ரல் வாக்கில், இலையுதிர் காலத்தில் விலாங்குகள் கடலுக்குப் போக வந்து பார்த்தால் வழி இருக்காது. சரளைமேட்டில் ஊர்ந்து ஊர்ந்து பாதியில் காய்ந்து கிடக்கும். நீயும் நானும் அவற்றைக் கோணியில் பொறுக்கிக் கடலில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். கையெல்லாம் வழுவழுவென்று, நீ என் தலைமுடியில் துடைப்பாய்.

புதுத் திட்டத்தில் அளவுக்கம்பத்தில் ஒரு கோடு குறித்திருக்கிறேன். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடாமல் யாரும் வெட்டக் கூடாது. தொட்ட பிறகு வெட்டினால், தண்ணீரே தள்ளிக்கொண்டு போய் வழியை வாரக்கணக்கில் திறந்து வைத்திருக்கும்.

அந்தக் கோடு பழைய வழக்கத்தைவிட ஒரு முழம் மேலே இருக்கிறது. உங்கள் கீழ்ப் புல்வெளி எனக்குத் தெரியாததில்லை. அதனால்தான் கேட்கிறேன். மே மாதம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கிறது. வந்து பேசு அக்கா. காலையில் பால் கறந்துவிட்டு சாயங்காலம் விலாங்குவலை போடுகிற ஆள் அந்தக் கரையில் நீ ஒருத்திதான்.

மெரேயானா

*

17 மார்ச் 1996

மெரே,

அடுப்பில் போட்டது டூகல். வெளியே எடுத்தது நான். ஓரம் கருகியிருக்கிறது, படிக்க முடிகிறது.

வரைபடத்தில் எங்கள் கீழ்ப் புல்வெளி முழுக்க நீலம் பூசியிருக்கிறாய். ‘ஈரநில விளிம்பு’ என்று பேர் வேறு. ஆகஸ்ட் குளிரில் சினைமாடுகளை நாங்கள் அங்கேதான் விடுகிறோம். பனியைக் கொண்டுவரும் தெற்குக் காற்று படாத இடம் பண்ணையில் அது ஒன்றுதான். மேட்டில் கன்று போட்டால் விறைத்துச் செத்துப்போகும். உன் நீலத்துக்குள் போட்டால் முங்கிச் செத்துப்போகும். எது நல்லது என்று உன் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

டூகல் சாப்பாட்டு மேசையில் கத்துகிறார். “எங்கப்பா பத்து வருஷம் வாய்க்கா வெட்டி காயவச்ச நிலம். உன் தங்கச்சி பென்சில எடுத்து ஒரு கோடு போட்டா அது ஏரியாயிடுமா?” நான் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். “அதுக்கு முன்னாடி அது ஏரிதானே” என்றேன். அன்று அவர் சாப்பிடவில்லை. இதை உனக்காகச் சொன்னேன் என்று சந்தோஷப்படாதே. உருளைக்கிழங்கு வீணாய்ப் போனது.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதே. ஒரு பக்கம் டூகலும் மற்ற பண்ணைக்காரர்களும் உட்காருவார்கள். எதிர்ப் பக்கம் ராவிரி மாமாவும் ஏரியை நம்பி விலாங்கு பிடிக்கிற நம் ஜனங்களும் உட்காருவார்கள். நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்தேன் என்றுதான் ஊர் பார்க்கும். வாயைத் திறந்தால் என்ன சொன்னேன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

ராவிரி மாமாவிடம் உப்புப் போட்ட தீத்தீக் கடற்பறவை ஒரு வாளி கொடுத்தனுப்புகிறேன். பறவையை இரண்டு தண்ணீரில் வேகவை. போன தடவை மாதிரி ஒரே தண்ணீரில் போட்டுவிட்டு உப்புக் கரிக்கிறது என்று என்னைத் திட்டாதே.

ரிப்பேக்கா

*

30 மே 1996

அன்புள்ள அக்கா,

வர மாட்டேன் என்றவள் வந்தாய். டூகலுக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். உன்னைப் பார்த்ததும் என் கையிலிருந்த தாள்கள் கலைந்துவிட்டன. சரியான பக்கத்தைத் தேடி எடுக்க நேரமானதில் கூட்டத் தலைவர் இருமினார்.

டூகல் நன்றாகத்தான் பேசினார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினார். ராவிரி மாமாவும் நன்றாகப் பேசினார், ஆனால் கோபத்தை அடக்கவில்லை. “உங்க மாட்டுக்கு கொட்டகை கட்டலாம். விலாங்குக்கு வேற கடல் கட்ட முடியுமா?” என்று அவர் கேட்டதும் கூடத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள், பாதிப் பேர் காலைத் தரையில் தேய்த்தார்கள்.

அப்போதுதான் தலைவர் உன்னைப் பார்த்தார். “அம்மா, நீங்க ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்கன்னு சொல்றாங்க. ஏதாவது சொல்றீங்களா?”

நீ எழுந்து நின்றாய். ரொம்ப நேரம் நின்றாய். பிறகு, “டீக்குத் தண்ணி கொதிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீர்ப்பு நேற்று வந்தது. கோடு நான் குறித்த இடத்திலேயே நிற்கிறது. வருஷம் முழுக்க அதே கோடு. ஆபத்து நேரத்தில் மட்டும் பொறியாளர் நேரில் வந்து பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள், தின்றேன்.

இந்தக் கடிதத்துக்காவது பதில் போடு.

மெரேயானா

*

28 ஆகஸ்ட் 1996

மெரே,

மே மாதத்துக் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன். எழுதாமல் விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மழை பத்து நாளாக விடவில்லை என்பது உனக்குத் தெரியும். கீழ்ப் புல்வெளியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. உன் கோட்டைத் தொட இன்னும் ஒரு சாண் பாக்கி. மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்று கன்று போட்டன. மேட்டுக்கு ஓட்டிப்போனால் பனிக்காற்று. பிறந்த கன்றுகளை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் சலவை அறைக்குள் அடைத்தேன். துவைக்கிற மெஷின் மேலே இரண்டு, கீழே எத்தனையோ.

சனிக்கிழமை காலை உன் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. “கடல் கொந்தளிக்குதுக்கா. இப்ப வெட்டினா தண்ணி வெளிய போகாது, கடல் உள்ள வரும். திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோங்க.”

சரியாகத்தான் சொன்னாய். நீ சொன்னபடியேதான் நடந்தது. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

மத்தியானம் காற்று விழுந்தது. கடல் களைத்துப்போன மாதிரி தெரிந்தது. டூகல் பக்கத்துப் பண்ணைப் பொக்லைனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் மறித்தேன். “மெரே திங்கக்கிழமைன்னு சொன்னா” என்றேன்.

“திங்கக்கிழமைன்னு மாட்டுக்கிட்ட சொல்லு” என்றார்.

நான் வழியை விட்டேன். மறித்த என் கையை நானே எடுத்தேன், அவர் தள்ளவில்லை.

வெட்டியதும் ஏரி உறுமிக்கொண்டு வெளியே ஓடியது. ஆண்கள் எல்லாம் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். சாயங்காலத்துக்குள் புல் தலை காட்டியது. நானும் சிரித்தேன் என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு காலை தெற்குக் காற்று திரும்ப எழுந்தது. கடல் ஏறுகிற நேரமும் அதுவும் ஒன்றாக வந்தன. டூகல் வெட்டிய அதே வழியில் கடல் உள்ளே வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரே சுவராக வந்து கீழ்ப் புல்வெளி, நடுப் புல்வெளி, கொட்டகை வாசல் வரைக்கும் நிரப்பிவிட்டுப் பின்னாலேயே சரளையைக் கொட்டி வழியை மூடியும் விட்டது. உப்புத் தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கிறது. நிலத்தில் உப்பு ஏறிவிட்டால் அது எத்தனை வருஷத்துக்கு என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

மாடுகள் எத்தனை போயின என்று எழுத மாட்டேன். கணக்கு வேண்டுமானால் உன் கவுன்சில் ஆட்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தொப்பி போட்ட ஒருவன் வந்து, “யார் அனுமதி குடுத்தது?” என்று கேட்டான். டூகல் செத்த மாட்டின் காலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமல், “நான்தான்” என்றார்.

ரிப்பேக்கா

*

11 செப்டம்பர் 1996

அக்கா,

வழக்கு முடியும்வரை உனக்கு எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு கடிதம் மட்டும்.

டூகல் மேல் கவுன்சில் வழக்குப் போடுகிறது. போடாமல் விட்டால் நாளைக்கு ஒவ்வொருவரும் மண்வெட்டியோடு வருவார்கள் என்கிறார் மேலாளர். சாட்சி சொல்ல என்னைத்தான் முதலில் கேட்டார்கள். சொந்தக்காரர் வழக்கு, வேண்டாம் என்று விலகிக்கொண்டேன். வடக்கேயிருந்து புதிதாக வந்த ஒரு பையன் போகிறான். உனக்கும் எனக்கும் அதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

டூகலுக்கு என் மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும்.

மெரேயானா

*

8 டிசம்பர் 1996

மெரே,

நல்லது என்று நினைத்தாயா?

கேள். நவம்பரில் விசாரணையன்று நீதிபதி உங்கள் பையனைக் கேட்டார்: “வெட்டுறதுக்கு முன்னாடி இவர் கவுன்சிலுக்குத் தகவல் சொன்னாரா?” பையன் தாள்களைப் புரட்டிவிட்டு, “அப்படி எந்தப் பதிவும் இல்லைங்க” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. நான் போன் செய்தது கவுன்சிலுக்கு இல்லையே, என் தங்கச்சிக்கு.

நான் எழுந்திருக்கப் போனேன். டூகல் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். முந்தின நாளே வக்கீலிடமும் என்னிடமும் சொல்லிவிட்டார். “அந்தப் போன் விஷயம் வெளிய வரக் கூடாது. வீட்ல உக்காந்து பதில் சொல்லிட்டு அவ பொறியாளர்கிட்ட சொல்லாம விட்டது தெரிஞ்சா வேலை போயிடும். அவ பேரு அங்க வரவே வேண்டாம்.” உன் பேரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் தட்டு பறக்கும். அந்த மனிதர் உனக்காக நீதிமன்றத்தில் ‘யாரையும் கேட்காமல், சொல்லாமல் வேண்டுமென்றே செய்தவர்’ என்று எழுதவைத்துக்கொண்டு வந்தார். அபராதமும் அதற்குத் தகுந்த மாதிரி. பண்ணையை விற்கிறோம். உப்பு ஏறின நிலத்தை யார் வாங்குவார்கள் என்று பார்த்தால், வாங்க வருவதும் உன் கவுன்சில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இனிமேல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கூட்டத்தில் நான் எழுந்து நின்றேனே, சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. விலாங்கு போவது இலையுதிர் காலத்தில். கன்று போடுவது ஆகஸ்டில். இரண்டுக்கும் ஒரே கோடு எதற்கு? இலையுதிர் காலத்துக்கு உன் கோடு இருக்கட்டும், குளிர்காலக் கடைசிக்கு ஒரு முழம் கீழே இன்னொரு கோடு போடலாமே. ஆகஸ்ட் வழி ஒரு வாரத்தில் அடைத்துக்கொண்டால் விலாங்குக்கு என்ன, அது அப்போது போகப்போவதில்லை. கடல் அடங்கியிருக்கிற நாளாகப் பார்த்து முன்னாடியே வெட்டியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ராவிரி மாமா என்னைப் பார்த்தார். டூகல் திரும்பிப் பார்த்தார். இதைச் சொன்னால் மாமாவுக்கு நான் பண்ணைக்காரன் பெண்டாட்டி, டூகலுக்கு நான் ஏரிக்காரி. டீ போடப் போய்விட்டேன்.

நான் சொல்வது நடக்கக்கூடியதா, முட்டாள்தனமா என்றுகூட எனக்குத் தெரியாது. நீ சொல்.

ரிப்பேக்கா

*

15 டிசம்பர் 1996

அக்கா,

முட்டாள்தனம் இல்லை.

என் முதல் வரைவில் இரண்டு கோடுகள் இருந்தன. நீ சொன்ன அதே மாதங்கள், கிட்டத்தட்ட அதே அளவு. ஆகஸ்ட் கோட்டால் அதிகமாகப் பயனடைகிற பண்ணை எது என்று பட்டியலிட்டுப் பார்த்தேன். முதலில் உங்கள் பண்ணை வந்தது. அக்கா வீட்டுக்காரருக்காகக் கோட்டை வளைத்துவிட்டாள் என்று பேசுவார்களே என்று அன்று சாயங்காலமே அதை அடித்துவிட்டேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. நீ கூட்டத்தில் எழுந்து நின்றபோது, இவள் அதைச் சொல்லிவிட மாட்டாளா, வெளியாள் வாயிலிருந்து வந்த மாதிரி நான் எடுத்துக்கொள்வேனே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அக்கா எப்படி வெளியாள் ஆவாள் என்று அப்போது தோன்றவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே மேலாளரிடம் போய் அந்தப் போனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “இத நவம்பர்லயே சொல்லியிருக்கக் கூடாதா, மெரேயானா?” என்றார். அந்தச் சனிக்கிழமை பொறியாளர் வீட்டில்தான் இருந்தார். அவரிடம் சொல்லியிருந்தால் உங்கள் கரைக்கு வந்திருப்பார். வந்தாலும் கடலைப் பார்த்துவிட்டுப் பொறுக்கத்தான் சொல்லியிருப்பார். ஆனால் டூகலின் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பார். போனில் சொல்வதும் அதுவும் ஒன்றா?

டூகல் மேல்முறையீடு செய்யலாம், நான் வந்து சொல்கிறேன். தயவுசெய்து அவரிடம் கேள்.

வேலை போகவில்லை. ஏரியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கவுன்சில்தான் பஸ்களும் ஓட்டுகிறது, தெரியுமா? இனிமேல் எனக்குப் பஸ் நேர அட்டவணை. அடித்துப்போட்ட அந்தப் பழைய வரைவை மட்டும் வடக்கத்திப் பையனிடம் கொடுத்திருக்கிறேன்.

மெரேயானா

*

22 டிசம்பர் 1996

மெரே,

கேட்டேன். “முடிஞ்சது முடிஞ்சுபோச்சு. அவள கூண்டுல ஏத்தி என் பணத்த வாங்கணுமா?” என்றார். பிறகு வெளியே போய், விற்கப்போகிற வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

மலைப்பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்தவர் பண்ணை, அடுத்தவர் வீடு. ஜன்னலைத் திறந்தால் காய்ந்த புல்தான் தெரியுமாம். தண்ணீர் குழாயில் மட்டும்.

முகவரி கீழே எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு வராதே.

ரிப்பேக்கா

*

6 மார்ச் 1998

அன்புள்ள அக்கா,

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ வராதே என்றாய், நான் வரவில்லை. எழுதாதே என்று நீ சொல்லவில்லை, ஆனாலும் எழுதவில்லை.

திட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இலையுதிர் காலத்துக்கு மேல் கோடு, ஆகஸ்டுக்குக் கீழ் கோடு. பையன் கெட்டிக்காரன், ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினான். இந்தத் தடவை யாருமே ஆட்சேபிக்கவில்லை. கீழ் கோட்டால் பிழைத்திருக்கக்கூடிய பண்ணைதான் இப்போது அங்கே இல்லை. உங்கள் புல்வெளியில் கோரை முளைத்திருக்கிறது, கருப்பு அன்னங்கள் கூடு கட்டுகின்றன என்று பையன் சொன்னான். வழக்கமாக இந்த மாதிரிச் செய்திக்கு நாங்கள் சந்தோஷப்படுவோம்.

மழையால் ஏரி மேல் கோட்டை நெருங்கிவிட்டது. ஏப்ரல் பதினெட்டு, சனிக்கிழமை, கடல் அடங்கியிருந்தால் வெட்டுகிறார்கள். உனக்குக் கட்டாயம் சொல்லச் சொன்னார் ராவிரி மாமா. நம் ஜனங்கள் எல்லாரும் இருப்பார்கள்.

என்னால் வர முடியாது. அன்றைக்குப் பஸ் வேலை இருக்கிறது.

நீ போ அக்கா.

மெரேயானா

*

20 ஏப்ரல் 1998

மெரே,

போனேன்.

டூகல்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். முதலில் மாட்டேன் என்றார், பிறகு சாவியை எடுத்தார். சரளைமேட்டுக்கு வரவில்லை. சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் போகத் தொடங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் விலாங்குகள் வந்தன. அத்தனை பெரியவற்றை நான் பார்த்ததில்லை. முதுகு கருப்பாக, கண் பெரிதாக, ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு போயின. ஒன்றுகூடச் சரளையில் ஒதுங்கவில்லை. ராவிரி மாமா அழுதார். நான் அழவில்லை. நான் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மெரே எங்க மாமா?” என்றேன். “பஸ் வேலைன்னு எழுதியிருந்தா.”

மாமா மூக்கைச் சிந்திக்கொண்டார். “சனிக்கிழமை எந்த ஆபீசுடி திறந்திருக்கு? அவ இருந்தா நீ இறங்கி வரமாட்டேன்னு நினைச்சா. ‘அக்கா பாக்கட்டும் மாமா, நான் வரல’ன்னு சொன்னா.”

இருபத்தைந்து மைல் விலாங்கு பார்க்கவா வந்தேன்? நீ இருப்பாய் என்று வந்தேன். வழியெல்லாம் உன்னைத் திட்ட வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். அத்தனையையும் அப்படியே திரும்பச் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

திரும்பும்போது பாதி வழியில் டூகல், “போச்சா?” என்றார்.

“போச்சு” என்றேன்.

“எல்லாமா?”

“எல்லாம்.”

கொஞ்ச தூரம் போய், “அவ வந்திருந்தாளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

இதைக் கேள் மெரே. எனக்காக என்று சொல்லிக்கொண்டு இனிமேல் நீ எதிலிருந்தும் விலகாதே. நானும் உனக்காக வாயை மூட மாட்டேன். நாம் மூன்று பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக் காப்பாற்றித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

வருகிற சனிக்கிழமை வா. வந்து உட்கார். நான் கத்துவேன். நீயும் கத்து. டூகல் வெளியே எங்கும் போகவில்லையாம், அன்றைக்கு வீட்டில்தான் இருக்கிறாராம். நான் கேட்காமல் அவராகவே சொன்னார்.

ரிப்பேக்கா